நான் வரையாத கோபுரம்

போன மாதம் ஒரு நாள் காலையில் நிர்மல் என்ற இளம் பொறியாளர் எனக்குப் போன் செய்தார். நான் ஓய்வு பெற்ற ரேடார் ஆய்வுக்கூடத்தில் இப்போது வேலை செய்கிறவர். நான் அங்கிருந்து வெளியே வந்த பிறகு பிறந்திருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். அவர் கேட்டது ஒரு சின்ன விஷயம்.

“சார், நம்ம கன்சோல்ல வலது ஓரத்துல பேரே எழுதாம ஒரு ஸ்விட்ச் இருக்கே, அது எதுக்கு சார்?”

“போட்டுப் பார்த்தீங்களா தம்பி?”

“பார்த்தோம் சார். திரை முழுக்க ஒரே குப்பையா வருது.”

“அந்தக் குப்பையைப் பார்க்கத்தான் அந்த ஸ்விட்ச்.”

மறுமுனையில் மரியாதையோடு ஒரு சிரிப்பு கேட்டது. புதிதாகச் செய்யப்போகும் கருவியில் அந்த ஸ்விட்ச் இருக்காதாம். எதை ஒதுக்க வேண்டும், எதைக் காட்ட வேண்டும் என்பதை இனி கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளுமாம். ஆனால் பழைய வடிவமைப்பிலிருந்து எதையாவது எடுப்பதென்றால் அதைச் செய்தவர்களில் ஒருவர் ஒப்புதல் தர வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. அந்தக் குழுவில் இன்னும் கையெழுத்துப் போடும் நிலையில் இருப்பவன் நான் ஒருவன்தான். ஒரு படிவம் தபாலில் வரும் என்றார். கடைசியாக, “சும்மா ஒரு கையெழுத்துதான் சார்” என்றார்.

அந்தச் ‘சும்மா’தான் என்னைக் கிளப்பிவிட்டது. படிவம் வந்து மேசையில் கிடக்கிறது. அதை ஓரமாக வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

என் ஊர் கொள்ளிடக் கரையில் இருக்கும் ஏலாக்குறிச்சி. அடுத்தவர் நிலத்தில் வேலை செய்து பிழைத்த குடும்பம். கிறிஸ்தவச் சாமியார்கள் நடத்திய பள்ளியில் படித்தேன், திருச்சியில் டிப்ளமோ முடித்தேன், வெளிமாநிலத்தில் இருந்த ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். அடுத்த பதினோரு ஆண்டுகள் சால்டரிங் புகையில் போயின. அந்தக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. ரேடாரை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி மாட்டத் தெரிந்தது, கூடவே தலைக்கனமும் சேர்ந்தது. இரண்டும் பின்னால் வேலையைக் காட்டின.

ரேடார் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காக நாலு வரி. ஆன்டெனா சுற்றிக்கொண்டே ரேடியோ அலைகளைத் துடிப்பு துடிப்பாக அனுப்பும். எதிரே எது இருந்தாலும் அதில் மோதி அலை திரும்பி வரும். வந்த திசையையும் வர எடுத்துக்கொண்ட நேரத்தையும் வைத்து, வட்டமான கண்ணாடித் திரையில் பச்சைப் புள்ளியாகக் காட்டும். இதில் ஒரே தொல்லை, விமானத்தில் மோதியும் அலை திரும்பும், மலையில் மோதியும் திரும்பும். திரையில் மலைகளும் பாறைகளும் கோபுரங்களும் அப்பிக் கிடக்க, நடுவில் விமானம் ஒரு குறுநொய் அளவுக்குத் தெரியும். அதைக் கண்டுபிடிக்கக் கண் பழக வேண்டும்.

எழுபதுகளில் எங்கள் ஆய்வுக்கூடம் இதற்கு ஒரு வழி செய்தது. திரும்பி வரும் எதிரொலியை ஒரு குவார்ட்ஸ் கட்டிக்குள் செலுத்தி, அடுத்த துடிப்பின் எதிரொலி வரும்வரை தாமதிக்கச் செய்வது. பிறகு புதியதிலிருந்து பழையதைக் கழிப்பது. அசையாமல் நிற்கும் மலைக்கு இரண்டும் ஒன்றாகவே இருக்கும், கழித்தால் மிச்சம் ஒன்றும் இராது. நகரும் விமானம் மட்டும் திரையில் நிற்கும். நாங்கள் அதை ‘ஃபில்டர்’ என்று அழைத்தோம். முதன்முதலில் அதைப் போட்டபோது திரையிலிருந்த மலைகளெல்லாம் மறைந்து ஒற்றைப் புள்ளி மட்டும் ஊர்ந்து போனது. நான் கைதட்டிவிட்டேன். இப்போதும் அதைச் சொல்லும்போது எனக்குச் சந்தோஷமாகவே இருக்கிறது.

அந்த ஃபில்டரை வெளியிடத்தில் வைத்துச் சோதிக்க ஒரு இடம் தேவைப்பட்டது. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் சமவெளி, நடுவே ரயில் பாதை, இத்தனையும் உள்ள இடமாக இருக்க வேண்டும். பெரம்பலூர் அமைந்தது. மேற்கே பச்சைமலை, தென்கிழக்கே அரியலூர் ரயில் பாதை, அதைத் தாண்டிச் சுண்ணாம்புக்கல் பூமி. ஊருக்கு வெளியே ஒரு பாறைக் குன்றின் மேல் ஆன்டெனாவையும் டிரெய்லரையும் ஜெனரேட்டரையும் ஏற்றினோம். சொந்த ஜில்லாவில் வேலை என்று எனக்கு ஏகப்பட்ட மிதப்பு. முதல் நாளே திரையில் எங்கள் ஊர் மாதா கோயிலைத் தேடினேன். தெரியவில்லை. ஆற்றோரப் பள்ளத்தில் இருப்பது ரேடார் கண்ணுக்கு எட்டாது. திருச்சி மலைக்கோட்டை தெரிந்தது, என் ஊர் தெரியவில்லை.

குழுவுக்குத் தலைவராக வந்தவர் தமயந்தி மேடம். என்னைவிட நாலு வயது சின்னவர். டாக்டர் பட்டம் வாங்கியவர். நூல் சேலை, காலில் வெள்ளைக் கான்வாஸ் ஷூ. அந்த ஷூவோடு பாறையில் எங்களுக்கு முன்னால் ஏறிவிடுவார். பெரம்பலூர்க்காரர்கள் முதல் வாரம் குன்றடியில் நின்று வேடிக்கை பார்த்தார்கள், இரண்டாம் வாரம் கும்பிட ஆரம்பித்தார்கள்.

அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. யாரையும் ‘தப்பு’ என்று சொல்ல மாட்டார். நீங்கள் எதைச் சொன்னாலும் அவரிடமிருந்து வருவது ஒரே கேள்வி: “எப்படித் தெரியும்?”

ஜெனரேட்டர் சரியாக ஓடுகிறது மேடம் என்றால், “எப்படித் தெரியும்?” சத்தம் கேட்டது என்றால் போதாது. போய் மீட்டரைப் பார்த்து எண்ணைச் சொல்ல வேண்டும். பதிவேட்டில் முதலில் மணி, பிறகு என்ன பார்த்தோம் என்பது, பிறகு யார் பார்த்தார்கள் என்பது. ‘பார்க்கப்பட்டது’ என்று எழுதினால் அடித்துவிட்டு, “யாரு பார்த்தாங்க? பேர் போடுங்க” என்பார். முதல் வாரத்தில் நாலு பேர் முன்னால் என்னை மூன்று முறை அப்படிக் கேட்டார். பதினோரு வருஷம் ரேடாரோடு புரண்டவனைப் பார்த்து ‘எப்படித் தெரியும்’ என்று கேட்பதா என்று எனக்குள் புகைந்தது.

அவர் வைத்த வழக்கங்களில் எனக்கு அறவே பிடிக்காதது காலை வரைபடம். தினமும் ஆறரை மணிக்கு ஃபில்டரை அணைத்துவிட்டு, திரையின் மேல் டிரேசிங் தாளைப் பொருத்தி, தெரிகிற குப்பை அத்தனையையும் மெழுகுப் பென்சிலால் வரைய வேண்டும். தலைக்கு மேல் கறுப்புத் துணி, கழுத்தை வளைத்தபடி நாற்பது நிமிடம். வரைந்து முடித்ததும் ‘பார்த்து வரைந்தது’ என்று எழுதித் தேதியோடு கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும், மேடம் அதைத் திரைக்குப் பக்கத்து ஆணியில் மாட்டுவார். இந்த வேலை என் தலையில் விழுந்தது.

“ஃபில்டர்தான் எல்லாத்தையும் அழிச்சிடுதே மேடம். அப்புறம் இது எதுக்கு?” என்று கேட்டேன்.

“ஃபில்டருக்கு ஒரு குருட்டுத்தனம் இருக்கு இன்னாசி. உங்களுக்குத் தெரியாததில்ல.”

தெரியும். விமானம் எங்களை நோக்கி வந்தாலோ விலகிப் போனாலோ ஃபில்டர் பிடித்துவிடும். எங்களைச் சுற்றி வட்டமாகப் போனால், செக்கு மாட்டுக்கும் செக்குக்கும் நடுவே தூரம் மாறாதது போல, விமானத்துக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவே தூரம் மாறாது. ரேடாரின் கணக்கில் அது நிற்கிறது. நிற்பதை ஃபில்டர் அழித்துவிடும். அப்போது ஃபில்டரை அணைத்துப் பழைய குப்பைத் திரையைத்தான் பார்க்க வேண்டும். குப்பையில் எது புதியது என்று கண்டுபிடிக்கக் காலை வரைபடம் வேண்டும். வரைபடத்தில் இல்லாத புள்ளி எதுவோ, அதுவே விமானம்.

“சரி மேடம். ஆனா மலை எங்கயும் நகராதே. ஒரு நாள் வரைஞ்சா பத்தாதா?”

“நகரலைன்னு எப்படித் தெரியும்?” என்று கேட்டுவிட்டுப் பென்சிலை என் கையில் கொடுத்தார்.

மூன்று வாரம் ஒழுங்காக வரைந்தேன். நாலாவது வாரம் ஒரு நாள் கழுத்து பிடித்துக்கொண்டது. முந்தைய நாள் தாளை டிரெய்லர் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, அதன் மேல் புதுத் தாளை வைத்து, வெயில் வெளிச்சத்தில் அப்படியே வரைந்தேன். ஐந்து நிமிடத்தில் முடிந்தது. மறுநாள் கழுத்து சரியாகிவிட்டது, ஜன்னல் பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டது. மிச்ச நேரத்தில் குன்றடிக் கடையில் சூடாக இட்லி சாப்பிட்டேன். ஒரே மாதிரி இருந்தால் சந்தேகம் வருமென்று பச்சைமலையின் ஓரத்தில் வேண்டுமென்றே கொஞ்சம் கையை நடுங்கவிட்டேன். அதில் அப்படி ஒரு கைத்திறன்! அடியில் ‘பார்த்து வரைந்தது, இன்னாசி’. அப்படிப் பன்னிரண்டு தாள். மேடம் தினமும் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு ஆணியில் மாட்டினார். என்னை ஓயாமல் கேள்வி கேட்டவர், கையெழுத்து இருந்தால் மட்டும் கேட்க மாட்டார். அதை அவருடைய ஏமாளித்தனம் என்று நினைத்தேன்.

அந்தப் பன்னிரண்டு நாளுக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அரியலூரில் தங்கை வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். தங்கை கணவர் சவரிமுத்து, ஊருக்கு வெளியே புதிதாக எழும்பிக்கொண்டிருந்த சிமெண்ட் ஆலையில் உயரத்தில் ஏறி இரும்பு பூட்டும் வேலை பார்த்தார். வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவருக்குச் சாப்பாடு மறந்துவிடும்.

“மச்சான், நம்ம டவர்ல உச்சி வரைக்கும் தகடு அடிச்சாச்சு. வெயில்ல பாத்தா கண்ணு கூசுது. எங்க வூட்டு வாசல்லேருந்தே பளபளங்குது. உங்க பெரம்பலூர் மெஷின்ல கூடத் தெரியும் பாருங்க.”

“தெரியும், தெரியும்” என்றேன். வாயில் மீன் இருந்தது. வேறெதுவும் தோன்றவில்லை.

சோதனைக்காக ஒரு சிறிய ஒற்றை எஞ்சின் விமானத்தை வாடகைக்கு எடுத்திருந்தோம். அதை ஓட்டியவர் கேப்டன் ஜமால். நாகூர்ப் பக்கத்துக்காரர். தினமும் திருச்சியிலிருந்து கிளம்பி வந்து, நாங்கள் சொல்கிற பாதையில் பறந்துவிட்டுத் திரும்புவார். விதிப்படி ரேடியோவில் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும். அவரோ வானத்தில் ஏறியதும், “சலாம் இன்னாசி, இன்னைக்காவது என்னைக் கண்டுபிடிப்பியா?” என்பார். இன்ஷா அல்லா சொல்லாமல் ஒரு திருப்பம்கூடத் திரும்ப மாட்டார்.

பன்னிரண்டாவது தாளை மாட்டிய அன்று கத்திரி வெயில். மதியத்துக்கு மேல் வைத்த சோதனை, அந்தக் குருட்டுத்தனத்தை அளப்பது. பதினைந்து மைல் தூரத்தை விடாமல் அரியலூர்ப் பக்கமிருந்து தெற்காகச் சுற்றி மேற்கே பச்சைமலை அடிவாரம் வரை கேப்டன் வளைந்து பறக்க வேண்டும். ஃபில்டரில் எவ்வளவு நேரம் காணாமல் போகிறார் என்று நாங்கள் குறிக்க வேண்டும். ‘ரயில் பாதை கீழே தெரிகிறது, வளைவைத் தொடங்குகிறேன்’ என்றார். ஆன்டெனாவின் இரண்டு சுற்றில் அவர் புள்ளி மங்கி மறைந்தது. மேடம் மணியைக் குறித்தார். நாங்கள் எதிர்பார்த்தபடியே காணாமல் போயிருந்தார். அதனால் யாருக்கும் பதற்றமில்லை.

கால் மணி நேரம் போயிருக்கும். டிரெய்லர் லேசாக ஆடியது. வெளியே எட்டிப் பார்த்தால் மேற்கே வானம் செம்மண் நிறத்தில் எழும்பி வந்துகொண்டிருந்தது. மழை இல்லை, வெறும் புழுதிக் காற்று. சில நிமிடத்தில் பத்தடி தள்ளியிருந்த ஜெனரேட்டர்கூடத் தெரியவில்லை. அப்போது ரேடியோவில் கேப்டனின் குரல் வந்தது. அதில் கிண்டல் இல்லை.

“இன்னாசி, மேடம் இருக்காங்களா? எனக்கு ஒண்ணும் தெரியல. எல்லாம் புழுதி. திசை காட்டுற கைரோ வேற செத்துப் போச்சு, எப்போலேருந்து தப்பாக் காட்டுதுன்னே தெரியல. காந்த ஊசி கண்டபடி ஆடுது. அரியலூர் பக்கத்துலதான் இருக்கேன்னு நினைக்கிறேன். ஒரே இடத்துல சுத்திக்கிட்டிருக்கேன். மூவாயிரத்து ஐந்நூறு அடி. இன்னும் ஐம்பது நிமிஷத்துக்குப் பெட்ரோல் இருக்கு.”

மேடம் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். “வட்டத்துலயே இருங்க கேப்டன். உயரத்தை விடாதீங்க.” பிறகு என்னிடம், “ஃபில்டரை அணைங்க.”

அணைத்தேன். திரை முழுக்கக் குப்பை பூத்தது. அந்தக் குப்பையில், தென்கிழக்கே பதினைந்து மைலில், தெளிவான ஒரு புள்ளி. ஒரே இடத்தில் நின்றது. சின்ன வட்டமாகச் சுற்றும் விமானம் அந்தத் திரையில் ஒரே இடத்தில் நிற்பது போலத்தான் தெரியும்.

மேடம் ஆணியிலிருந்து என் வரைபடத்தை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். வரைபடத்தில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. அவர் மூச்சை விட்டார். “இருக்காரு” என்றார். அன்று அவர் எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவை இல்லையே, என் கையெழுத்து இருந்தது.

அந்த நொடியில் சவரிமுத்து சொன்ன பளபளக்கும் தகடு எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. சிமெண்ட் ஆலை அதே திசையில், அதே தூரத்தில் இருந்தது. ஆன்டெனா ஒரு சுற்றுச் சுற்ற பத்து நொடி. முதல் சுற்றில், கேப்டனும் அரியலூர் என்றுதானே சொல்கிறார், அது அவராகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டாவது சுற்றில், சொன்னால் வேலை போய்விடும் என்று நினைத்தேன். அரியலூர் வீதியில் வேலை போனவனாக நடப்பதைக்கூட நினைத்துப் பார்த்தேன். அதற்குள் மேடம் மைக்கை அழுத்திவிட்டார்.

“கேப்டன், உங்களைப் பார்த்துட்டோம். அரியலூருக்கு மேலதான் இருக்கீங்க. தென்மேற்கே திரும்புங்க, நேரா திருச்சி. ஆயிரத்து ஐந்நூறுக்கு இறங்குங்க, கீழே வந்தா தரை தெரியும்.”

“அல்ஹம்துலில்லாஹ். இறங்குறேன்.”

மூன்றாவது சுற்று. ஆன்டெனாவோடு சேர்ந்து திரையில் சுற்றும் பச்சைக் கோடு தென்கிழக்கைக் கடந்தது. புள்ளி அப்படியே இருந்தது. திரும்பி இறங்குகிற விமானம் இம்மியாவது நகர வேண்டும்.

“மேடம், இறங்கச் சொல்லாதீங்க! அது விமானம் இல்ல.”

திரும்பினார். “எப்படித் தெரியும்?”

“அது சிமெண்ட் ஆலை டவர். புதுசாத் தகடு அடிச்சிருக்காங்க. இந்த மேப் இன்னைக்குப் போட்டது இல்ல மேடம். பன்னிரண்டு நாளா நான் திரையைப் பார்க்காம ஜன்னல்ல வச்சுக் காப்பி அடிச்சேன்.”

அவர் முகத்தில் என்ன தெரிந்தது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை, என்னால் முடியவில்லை. அவர் குரல் மட்டும் கேட்டது, எப்போதும் போல அதே அளவில்.

“கேப்டன், இறங்காதீங்க. நான் சொன்னது தப்பு. மேலே ஏறுங்க. நாலாயிரத்து ஐந்நூறு. நீங்க இருக்கற இடம் எங்களுக்குத் தெரியல, கண்டுபிடிக்கிறோம்.”

அந்த வாயிலிருந்து ‘தப்பு’ என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன். அதுவும் என் தப்பைத் தன் தப்பாகச் சொன்னார்.

பிறகு என்னிடம் திரும்பினார். “இப்ப மேப் கிடையாது. ஃபில்டரைப் போடுங்க. அவர் நேரா பறந்தா எங்கயாவது மாட்டுவார்.” கேப்டனிடம், எந்தத் திசையானாலும் பரவாயில்லை, ஒரு நிமிடம் வளையாமல் நேராகப் பறக்கச் சொன்னார். நான் திரையில் முகத்தைப் புதைத்தேன். ஒரு நிமிடம் ஆறு சுற்று. ஒன்றுமில்லை. அரியலூர் ரயில் பாதையில் ஒரு சரக்கு வண்டி மட்டும் ஊர்ந்தது.

“எங்களைச் சுத்துற திசையில போறார் போல. கேப்டன், வலது பக்கம் கால் வட்டம் திரும்பி இன்னொரு நிமிஷம் நேரா.”

மறுபடியும் சுற்று. ஒன்று. இரண்டு. நாலாவது சுற்றில் மேற்கே, நாங்கள் தேடாத திசையில், பச்சைமலையின் விளிம்பில் ஒரு குறுநொய் மினுங்கியது. மெழுகுப் பென்சிலால் கண்ணாடியிலேயே புள்ளி வைத்தேன். அடுத்த சுற்றில் பக்கத்தில் இன்னொரு புள்ளி. வாயைத் திறக்கவில்லை. இனி நிச்சயமில்லாமல் பேசுவதில்லை என்ற வெறி வந்துவிட்டது. நாலு புள்ளி ஒரே வரிசையில் விழுந்த பிறகு சொன்னேன்.

“மேற்கே மேடம். பன்னிரண்டு மைல்.”

“எப்படித் தெரியும்?”

“நாலு புள்ளி வச்சிருக்கேன். நகருது. நம்மளைப் பார்த்து வருது.”

அவர் குனிந்து நாலு புள்ளியையும் எண்ணினார். பிறகுதான் மைக்கை எடுத்தார். கேப்டன் புழுதியில் வளைவு முழுவதையும் அறியாமலே முடித்து, மலைக்குப் பக்கத்தில் போய்ச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறார். அவரைக் கிழக்கே இழுத்து எங்கள் தலைக்கு மேல் கொண்டுவந்தோம். அங்கிருந்து தெற்கே. சுற்றுக்கு ஒரு புள்ளி, கண்ணாடியில் வரிசை நீண்டது. டிரெய்லருக்குள் வேர்வை பென்சிலில் வழிந்து பிடி நழுவியது, சட்டையில் துடைத்துத் துடைத்து வைத்தேன். கொள்ளிடத்தைத் தாண்டியதும் “ரன்வே தெரியுது” என்றார். அதன் பிறகு ரேடியோவில் இரைச்சல்தான். இறங்கினாரா இல்லையா என்று தெரிந்துகொள்ள, நாங்கள் தங்கியிருந்த பயணியர் விடுதிக்குப் போய், திருச்சியிலிருந்து வரவேண்டிய டிரங்க் காலுக்காக ஒன்றரை மணி நேரம் நின்றோம். போனை எடுத்த மேடம் கேட்டுவிட்டு, “மணி என்ன?” என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். பதிவேட்டில் எழுதினார். பக்கத்தில் ‘கேப்டன் பத்திரமாக இறங்கினார்’ என்று சேர்த்தார்.

பன்னிரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். “கிழிச்சிடலாம் மேடம்” என்று கெஞ்சினேன். அழுதேன் என்றும் சொல்லிவிடுகிறேன்.

“கிழிச்சிட்டா, இந்தப் பன்னிரண்டு நாள் என்ன நடந்ததுன்னு நாளைக்கு யாருக்காவது எப்படித் தெரியும்?” என்றார். சிவப்புப் பென்சிலைக் கொடுத்தார். ஒவ்வொரு தாளிலும் ‘இது பார்த்து வரைந்தது அல்ல’ என்று எழுதி மறுபடி கையெழுத்துப் போட்டேன். அவை அறிக்கையோடு தலைமையிடத்துக்குப் போயின. அறிக்கையில் இரண்டு வரிகளை அடுத்தடுத்து எழுதியிருந்தார்: வரைபடம் பொய்யானது டெக்னீஷியனால், விமானம் தப்பியது அதே டெக்னீஷியன் உண்மையைச் சொன்னதால். பதவி உயர்வு பல ஆண்டுகள் தள்ளிப்போனது. வேலை போகவில்லை.

மறுநாள் ஆறரைக்குத் துணியைப் போர்த்திக்கொண்டு நாற்பது நிமிடம் வரைந்தேன். சிமெண்ட் ஆலை டவரை முதலில் வரைந்தேன். மேடம் வந்து தாளை வாங்கினார், கையெழுத்தைப் பார்த்தார், மாட்டிவிட்டுப் போய்விட்டார். திரையோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. ஒப்பிட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

எண்பதுகளில் குவார்ட்ஸ் கட்டி போய் டிஜிட்டல் வந்தது. ஒவ்வொரு சுற்றிலும் குப்பை வரைபடத்தைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் கருவியை நாங்கள் செய்தோம். அதற்கு ஜன்னலில் வைத்துக் காப்பி அடிக்கத் தெரியாது என்பதில் எனக்கு நிம்மதி. ஆனால் சோதித்தபோது, ஒரே இடத்தில் வெகுநேரம் சுற்றும் சிறு விமானத்தையும் அது சில சமயம் குப்பைக் கணக்கில் சேர்த்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பழைய குப்பைத் திரையையே பார்க்க ஒரு ஸ்விட்ச் வேண்டும் என்றேன். குழுவில் எல்லோரும் எதிர்த்தார்கள். ஆறு கூட்டம் நடந்தது. ஆறிலும் நான் விடவில்லை. கடைசியில், பெயர் எழுதாமல் ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சம்மதித்தார்கள். நிர்மல் பார்த்த ஸ்விட்ச் அதுதான்.

இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது. அந்தச் சம்பவம் நடந்த இரண்டாம் வாரம் திருச்சிக்குப் போய்க் கேப்டன் ஜமாலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று சுற்று வாயை மூடிக்கொண்டிருந்ததையும் சொன்னேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

“மூணே சுத்துதானே? நானா இருந்தா அஞ்சு சுத்து யோசிச்சிருப்பேன், போ” என்று சிரித்தார். பிறகு டம்ளரைக் கீழே வைத்தார்.

“ஆனா இன்னாசி, மேடம் ஏறச் சொன்னப்ப நான் நானூறு அடி இறங்கிட்டேன். புழுதி ஒரு இடத்துல விலகுச்சு. கீழே மரம் தெரிஞ்சுது. இலை இலையாத் தெரிஞ்சுது. மூவாயிரம் அடியில மரம் எப்படி இவ்வளவு பெருசாத் தெரியுதுன்னு நினைச்சேன். ஊருக்கு வந்து படுத்தப்புறம்தான் புரிஞ்சுது, அது மலை மேல இருந்த மரம்.”

டீக்கு அவர்தான் காசு கொடுத்தார், என்னை எடுக்கவிடவில்லை.

தம்பி நிர்மல், உங்கள் கம்ப்யூட்டர் என்னைவிட நன்றாகப் பார்க்கலாம். பார்த்தால் எனக்குச் சந்தோஷம்தான், பொறாமை இல்லை. அடுத்த வாரம் நானே பஸ் ஏறி வருகிறேன். வட்டமாகப் பறக்கும் ஒரு விமானத்தை எனக்குக் காட்டுங்கள். உங்கள் திரைக்கு முன்னால் நாற்பது நிமிடம் உட்கார விடுங்கள். ஸ்விட்ச் தேவையா இல்லையா என்று அதன் பிறகு சொல்கிறேன். அதுவரை உங்கள் படிவம் என் மேசையில் கிடக்கட்டும். பார்க்காமல் நான் போட்ட கையெழுத்து பன்னிரண்டு. பதின்மூன்றாவதைப் போடுவதாக இல்லை.